கம்பத்துக்குத் தராத கிளை

எங்கள் ஊர்ப்பக்கம் வசந்தகாலம் என்று யாரும் சொல்வதில்லை. மாசி பிறந்தால் வேம்பு பழைய இலையையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்விடும். வெயில் ஏற ஏற எங்கிருந்தோ ‘டொக், டொக், டொக்’ என்று ஆரம்பிக்கும். பாத்திரக் கடையில் செம்புக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பதுபோல விடாமல் அடிக்கும். அதுதான் செம்மார்புக் குக்குறுவான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பச்சைக் குருவி, நெற்றியிலும் நெஞ்சிலும் குங்குமம் அப்பியதுபோலச் சிவப்பு. இந்த மாசி வரைக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்த சத்தம். இப்போது அது கேட்டால் நான் எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறேன்.

நான் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வில் வந்தவள். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், பழைய ஊர்த் தெருவில் வீடு. தெருவில் எனக்கு ‘டெலிபோன் அம்மணி’ என்று பெயர். வாய் கொஞ்சம் நீளம், கோபம் அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உக்கடம் பெரிய குளத்துக் கரையில் பறவை பார்க்கிற கூட்டத்தோடு இருப்பேன். புதிதாக வருகிறவர்களுக்குக் கூழைக்கடா எது, நாரை எது என்று காட்டிக்கொடுப்பது என் வேலை. யாரும் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டது. குஞ்சு பொரிக்கிற காலத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒருமுறை, படம் எடுப்பதற்காகப் புதருக்குள் தலையை விட்ட ஒரு பெரிய மனிதரைக் கரையில் வைத்தே வாங்கு வாங்கென்று வாங்கினேன். “உங்க ஊட்டுப் பிரசவ அறைக்குள்ள நான் கேமராவோட வந்தா உடுவீங்களா?” என்று கேட்டதும் மனிதர் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் கூட்டத்தில் என் மதிப்பு ஏறிப்போய்விட்டது. எனக்கும் தலை கனத்துப்போய்விட்டது.

எதிர்வீட்டுக்காரியை நான்தான் குளத்துக்கு அழைத்துப் போய்ப் பழக்கினேன். நாற்பது வயது இருக்கும். வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். விடிவதற்குள் முதல் ஈடு ஆட்டி எடுத்துவிட்டு, கையில் உளுந்து வாசனையோடு என் ஸ்கூட்டியில் ஏறிக்கொள்வாள். பைனாகுலரை முதல்முதலாகக் கையில் கொடுத்தபோது, “ஏனுங்க்கா, தாழைக்கோழி இத்தன நீலமா இருக்குமுங்களா? நானு இத்தன நாளா இதையக் கருப்புன்னே நெனச்சுட்டு இருந்தேனுங்க” என்று வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். நான் எதைச் சொன்னாலும் நம்புவாள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் கொட்டகைக்கு மேலே ஒரு வேம்பு. அது இல்லாவிட்டால் தகரத்தில் வெயில் நேராக இறங்கி, மத்தியானத்துக்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும். என் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு வேம்பு. அதில் ஒரு கிளை, மதிலுக்கு மேலே மூன்று கவையாகப் பிரிந்து நிற்கும். அதற்கு நேர்கீழே ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். மார்கழியிலிருந்து அந்தச் சட்டிக்கு அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்று வந்துகொண்டிருந்தது. வெள்ளை உடம்பு, கருந்தலை, முழ நீளத்துக்கு இரண்டு வெள்ளை ரிப்பன் வால். எதிர்வீட்டுக்காரி அதற்கு ‘ரிப்பன் குருவி’ என்று பெயர் வைத்திருந்தாள். சாயங்காலம் அந்த மூன்று கவைக் கிளையில் வந்து உட்காரும், அக்கம்பக்கம் பார்க்கும், பிறகு ரிப்பன் சுழலத் தண்ணீரில் விழுந்து எழும். நான் அதைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். ஆர்.எஸ்.புரத்திலிருந்து வருகிற டாக்டரம்மா ஒருவர், பீரங்கி மாதிரிக் கேமரா வைத்திருப்பவர், “அடுத்த ஞாயிறு பறவை பார்க்கற நடையை உங்க வீட்டுத் தோட்டத்துல வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரம்தான் கோயில்காரர்கள் வந்தார்கள். எங்கள் தெரு முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வருடா வருடம் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், கம்பம் நடுவார்கள். மூன்று கவையுள்ள கிளையை வெட்டி, மஞ்சள் பூசி, கோயில் முன்னால் நட்டுவிட்டால் அதுதான் ஆத்தாளுக்குப் புருஷன். திருவிழா முடிகிறவரை பெண்கள் தினமும் விடிகாலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். யார் வீட்டு மரத்தில் கிளை எடுக்கிறார்களோ அந்த வீட்டுக்கு அது பெரிய மரியாதை.

கோயில் பெரியவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். கூட இன்னும் இரண்டு பேர். காப்பி குடித்து முடிக்கிறவரை மழையைப் பற்றியும் சிறுவாணித் தண்ணீரைப் பற்றியும் பேசினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அம்மணி, இந்த வருசம் உங்க மரத்துல கம்பம் எடுக்கலாம்னு இருக்கறோமுங்க. மூணு கவை நெம்ப லட்சணமா உழுந்திருக்குதுங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா?” என்றார்.

எனக்குத் திக்கென்றது. கிளை போனால் ரிப்பன் குருவி உட்கார இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வருகிறார். ‘இல்லீங்க, எனக்கு அந்தக் கிளை வேணும்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேராக ‘மாட்டேன்’ என்று சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. அதுவும் ஆத்தாளுக்கு! ஒரு காரணம் சொல்வோம். உடம்பு சரியில்லை என்போம், சொந்தக்காரர்கள், ஒறம்பரை வருகிறார்கள் என்போம். அந்த நேரம் பார்த்து வெளியே எங்கேயோ ‘டொக், டொக், டொக்’ என்று குக்குறுவான் அடித்தது.

“கேக்குதுங்களா?” என்றேன். “அந்தக் குருவி அந்தக் கெளைலதான் பொந்து போட்டுக் குஞ்சு பொரிச்சிருக்குதுங்க. இப்ப வெட்டுனா அத்தனையும் செத்துருமுங்க.”

பொய். பொந்தும் இல்லை, குஞ்சும் இல்லை. ஆனால் என் வாயிலிருந்து அது எவ்வளவு சுத்தமாக வந்தது தெரியுமா? ஆபீசில் ‘லைன் பிசி’ என்று சொல்லிப் பழகிய வாய்.

பெரியவர் சட்டென்று எழுந்துவிட்டார். “அடடா! குஞ்சும் குளுவானுமா இருக்குதுங்களா? அப்ப வேண்டவே வேண்டாமுங்க. ஆத்தாளே வேண்டாம்னுருவா. நல்லவேளை சொன்னீங்க அம்மணி” என்று கைகூப்பினார். மற்ற இரண்டு பேரும் ஜன்னல் வழியாக மரத்தை ஒருமுறை பரிவாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் அதுவரை பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவர்கள் தெருவில் இறங்கியதும் பேப்பரை மடித்தார். “ஏம்புள்ள, கூடு எங்க இருக்குது? எனக்குக் காட்டவே இல்லியே?”

“உங்களுக்குக் காட்டுனா மட்டும் என்ன தெரியப்போகுது? சும்மா பொட்டாட்ட இருங்க” என்று பாய்ந்தேன். அவர் பேப்பரைத் திரும்ப விரித்துக்கொண்டு பொட்டாட்ட இருந்துவிட்டார். நாற்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறார். அன்று மட்டும் பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

நான் சொன்ன பொய் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெருவே அதை எடுத்துச் சீராட்ட ஆரம்பித்துவிட்டது. நோம்பி தொடங்குகிற பூச்சாட்டு அன்று ஊரைச் சுற்றி வந்த தப்பட்டைக்காரர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்ததும் அடியைக் குறைத்து, விரல் நுனியால் தட்டிக்கொண்டு கடந்து போனார்கள். தெருவிளக்குக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயை என் தோட்டத்துப் பக்கமிருந்து திருப்பி வைத்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால், “குஞ்சு எப்பிடி இருக்குதுங்க அம்மணி?” என்று கேட்டார்கள். “நல்லா இருக்குதுங்க” என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. ரிப்பன் குருவியும் வந்தது. மகராசி, நான் பெற்ற பிள்ளை மாதிரி மூன்று கவைக் கிளையில் வந்து உட்கார்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக் காட்டியது. அது மகராசி இல்லை, ஆண் என்பது எனக்கே தெரியும், வாய் அப்படி வந்துவிட்டது. கேமராக்கள் படபடவென்று அடித்தன. எதிர்வீட்டுக்காரி எல்லாருக்கும் இட்லி அவித்து, சுடச்சுடத் தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்தாள். யாரோ உரக்கச் சிரித்தபோது வாயில் விரல் வைத்து, “சத்தம் போடாதீங்க. அக்கா மரத்துல குக்குறுவான் குஞ்சு இருக்குதுங்க” என்றாள்.

டாக்டரம்மா உடனே தலையைத் தூக்கினார். “எங்க? பொந்து எந்தக் கிளையில?”

“நான் யாருக்கும் காட்டறதில்லீங்க. தொந்தரவு பண்ணக் கூடாது பாருங்க” என்றேன்.

டாக்டரம்மா கேமராவைத் தணித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “பாத்தீங்களா? இதுதான் ஒழுக்கம். சொந்த வீட்டுக் கூட்டைக்கூடக் காட்ட மாட்டேங்கறாங்க.” எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் தட்டில் இருந்த இட்லியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெருமையாக இருந்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். ஆனால் கொஞ்சம் இருந்தது, அதுதான் கேவலம்.

அவர்கள் போனபின் எதிர்வீட்டுக்காரி பாத்திரம் கழுவிக்கொண்டே, “கம்பத்துக்கு நம்ம மரத்துலயே எடுத்துக்கச் சொல்லிப்போட்டேனுங்க்கா” என்றாள். “கொட்டாய்க்கு மேல ஒரு கெளை மூணு கவையா இருக்குதுங்க. பக்கத்துல ஒரு பட்ட கெளை குறுக்க நிக்குது. அதையும் சேத்து எடுத்துர்றம்னு சொன்னாங்க.”

“உனக்கு நெழல் போயிருமே கண்ணு? மாவு என்னாகும்?”

“அதுக்கென்னுங்க பண்றது? நோம்பி நிக்கக் கூடாதுங்களே. உங்க மரத்துல உசுரு இருக்குது. என்ற மரத்துல வெறும் எலதானுங்களே.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். விருந்து முடிந்துவிட்டது, படம் எடுத்தாகிவிட்டது, அந்தக் கிளையால் எனக்கு இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ‘என் கிளையை எடுத்துக்கொள்ளட்டும்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால், ‘குஞ்சு?’ என்று அவள் கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, “நீ நல்லா இருக்கோணும் கண்ணு” என்று ஆசீர்வாதம் வேறு பண்ணினேன். தூ!

செவ்வாய்க்கிழமை காலையில் எதிரே கோடாலிச் சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் நின்றுகொண்டேன், வெளியே போகவில்லை. முதலில் பட்ட கிளை முறிந்து தகரத்தில் விழுந்தது. அப்புறம் சத்தம் எல்லாம் நின்றுபோனது. தப்பட்டையும் நின்றது. கொஞ்ச நேரத்தில் என் வாசலில் காலடிகள்.

எதிர்வீட்டுக்காரி முன்னால் நின்றாள். கையில் மாவு சலிக்கிற சல்லடை, அதில் மடித்த துண்டு, துண்டுக்குள் இரண்டு குஞ்சுகள். முளைவிட்ட இறகு, பெரிய தலை, மூடின கண். அவள் விரலில் ரத்தம் இருந்தது. “பட்ட கெளைக்கு அடில பொந்து இருந்திருக்குதுங்க்கா. எனக்குத் தெரியவே இல்லீங்க. மூணுல ஒண்ணு செத்துப்போச்சுங்க” என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. நான் அத்தனை நாள் கேட்ட ‘டொக் டொக்’ அவள் மரத்திலிருந்து வந்திருக்கிறது. குளத்துக்குக் குளம் போய் அடுத்தவர்களுக்குப் பறவை காட்டுகிற நான், எதிர்வீட்டு மரத்தை ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவளுக்குப் பின்னால் கோயில் பெரியவர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அதற்கும் பின்னால் பாதித் தெரு.

“அம்மணி, உங்க மரத்துலயும் இதே சாதிக் குருவிதானுங்களே?” என்றார் பெரியவர். “அந்தக் கூட்டுல இதுகளையும் உட்டுப்போடலாமுங்க. அந்தத் தாயி சேத்துக்குமில்லீங்களா? ஏணி கொண்டாந்துட்டோமுங்க. கூடு எங்கன்னு மட்டும் காட்டுங்க.”

நான் வாசற்படியைவிட்டு நகரவில்லை. பெரியவர் காத்திருந்தார். எதிர்வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சல்லடையோடு வீட்டுப் பக்கச் சந்தில் நடந்து போய் மரத்தைப் பார்த்தாள். பொந்து எப்படி இருக்கும், கிளையின் அடியில் எங்கே தேடவேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை.

“குஞ்சு பறந்துபோயிருச்சாமுங்க” என்று பெரியவரிடம் சொன்னாள். “நேத்தே அக்கா சொன்னாங்க, நாந்தான் மறந்துபோட்டேனுங்க. காலிக் கூட்டுல உட்டா இதுகளுக்கு யாரு எரை குடுக்கறதுங்க?”

“அப்பிடீங்களா அம்மணி?” என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அவள் நீட்டிய பொய்யையும் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு உருப்படியாக நான் செய்தது ஒன்றே ஒன்று. முறிந்த கிளையில் பொந்து இருந்த துண்டு உடையாமல் கிடந்தது. அதை ஏணி வைத்து, மிச்சமிருந்த மரத்தில் பழைய உயரத்திலேயே நிமிர்த்திக் கட்டச் சொன்னேன். குஞ்சுகளை உள்ளே விட்டு, எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னேன். என் மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்து பைனாகுலரைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் குடையையும் ஒரு சொம்பு மோரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். தாய் வந்தது. வாயில் ஓர் ஆலம்பழம். கட்டுக் கயிற்றில் உட்கார்ந்தது, பயந்து பறந்தது, திரும்பவும் வந்தது. சாயங்காலத்துக்கு முன்னால் தலையை உள்ளே விட்டது. அப்போதுதான் நான் அழுதேன்.

மறுநாள் மாவு வாங்கப் போனேன். மூன்று கவைக் கிளையும் கம்பத்துக்குப் போய்விட்டதில் கொட்டகையில் அனல் அடித்தது. அவள் மாவை அளந்து ஊற்றினாள். நான் அவள் கையைப் பிடித்து, “கண்ணு, நானு…” என்று ஆரம்பித்தேன்.

“வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமுங்களே அக்கா” என்றாள். கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். “யாரு உங்கள என்ன கேக்கப்போறாங்க? தெருவுல அத்தன பேருக்கு முன்னால உங்கள உட்டுக்குடுக்க எனக்கு மனசு வல்லீங்க. ஆனா மனசு ஆறவும் இல்லீங்க.” பிறகு போசியை மூடிக் கொடுத்துவிட்டு, “சீக்கிரம் பிரிட்ஜுல வெச்சிருங்க. இப்பெல்லாம் வெரசாப் புளிச்சிருதுங்க” என்றாள்.

நோம்பி நடந்த நாட்களில் விடிகாலையில் நானும் குடத்தோடு போய் அவள் மரத்துக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். வரிசையில் அவள் எனக்கு முன்னால் நிற்பாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு வரவில்லை. ‘சோலி இருக்குதுங்க்கா’ என்றாள். எங்கள் பக்கத்தில் ‘மாட்டேன்’ என்பதற்கு அதுதான் பேச்சு.

நோம்பி முடிந்து கம்பம் பிடுங்குகிற அன்று ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. கம்பம் கொடுத்த வீட்டுக்கு முதல் மரியாதை. பெரியவர் தேங்காய், பழம், மஞ்சள் துணி வைத்த தட்டை எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்தார். பிறகு இன்னொரு தட்டை எடுத்தார். “நம்ம டெலிபோன் அம்மணி. தன் மரத்துக் குஞ்சையும் காப்பாத்துனாங்க, இந்தம்மணி மரத்துக் குஞ்சையும் பொழைக்க வெச்சாங்க. வாங்க அம்மணி!” என்று ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்.

போனேன். தட்டு என் முன்னால் இருந்தது. இந்தமுறை முடியவில்லை. “எம்மரத்துல கூடே இல்லீங்க” என்றேன். “அன்னிக்கு நானு பொய் சொன்னேனுங்க. கெளையக் குடுக்க மனசில்லாமச் சொன்ன பொய். ஒரு குஞ்சு செத்தது என்னாலதானுங்க.” மைக் அவர் கையில் இருந்ததால் பாதிக் கூட்டத்துக்குக் கேட்டது. தப்பட்டை நின்றது. யாராவது திட்டுவார்கள், ஒருவராவது திட்டுவார்கள் என்று நின்றேன்.

பெரியவர் மைக்கைத் தணித்துக்கொண்டார். அவர் முகம் சுருங்கியது, என்மேல் கோபத்தால் இல்லை, எனக்காகக் கூச்சப்பட்டு. “அட, அதுக்கென்னுங்க அம்மணி இப்ப?” என்றார். “மனுசருக்கு ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்குமுங்களா? தட்டப் புடிங்க.” சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், கோபுரத்தைப் பார்த்தார்கள். தப்பட்டைக்காரர் அவசரமாக மறுபடி அடிக்க ஆரம்பித்தார்.

என் கை எழவில்லை. பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி தன் தட்டோடு நின்றிருந்தாள். பல நாளைக்கு அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“வாங்கிக்குங்க்கா” என்றாள். “வயசானவரு, எத்தன நேரம் கைல புடிச்சுட்டு நிப்பாரு.”

வாங்கிக்கொண்டேன்.